என் ஐம்பது கிலோ

“என் பங்கு கிலோவைக் கொடுங்கப்பா.”

பெண்பிள்ளை கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லிவைத்ததைக் கேட்டுவிட்டேன். நிலவுக்குக் குடிபோக எங்கள் குடும்பத்துக்கு ஒதுக்கிய எடையில், என் ஐம்பது கிலோவையும் அப்பா அண்ணன் பைக்குக்கே கொடுத்துவிட்டார்.

“நீ இன்னொரு வீட்டுக்குப் போறவ. புருஷன் வீட்டுப் பங்குல வந்துக்கோ,” என்றார் அப்பா.

என் இடத்தில் போகப்போகும் பைக்கைத் துடைத்தபடி அண்ணன் சிரித்தான். “அங்க இதோட எடை ஆறுல ஒண்ணுதான் பாப்பா. சும்மா பறக்கும்.”

எங்கள் வீட்டிலேயே காலேஜ் போனவள் நான் ஒருத்திதான், அதுவும் இயற்பியல். அங்கே எடைதான் குறையும், நிறை குறையாது. டயர் தரையைச் சரியாகப் பிடிக்காது. பிரேக் போட்டாலும் வண்டி லேசில் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

அதை அவனிடம் சொல்லப்போவதில்லை. “பார்த்து ஓட்டுண்ணே,” என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினேன்.