நாற்பதாவது தடவையும் புரியவில்லை

"காலும் அரையும் சேர்ந்தா எவ்வளவு?"

"புரியலப்பா. மறுபடி சொல்லுங்க."

நாற்பதாவது தடவையாக விளக்கிய பெயிண்டர் அப்பா, தொண்டை வறண்டு ஒரு குடம் தண்ணீரைக் காலி செய்தார். "முக்கால்டி! மண்டையில என்ன களிமண்ணா?"

"நாளைக்கும் கோட்டை விட்டா மூணாவது தடவை!" என்று சமையலறையிலிருந்து பெருமூச்சு விட்டாள் அம்மா.

மறுநாள் பரீட்சை நடக்கும் பள்ளி வாசலில், மகள் ஹால் டிக்கெட்டை அப்பாவிடம் நீட்டினாள்.

"பயப்படாம எழுதுங்கப்பா. பத்தாவது பாஸானா சூப்பர்வைசர் வேலை உங்களுக்குத்தான்."

அவர் உள்ளே போனதும் அம்மா மகளின் காதைத் திருகினாள்.

"போன வருஷம் இதே கணக்குப் பரீட்சையில நூத்துக்கு நூறு வாங்கினவ, ஏன்டி புரியலைன்னே?"

"நான் சொல்லிக்கொடுத்தா தூங்கிடுறாரும்மா. எனக்குப் புரியலைன்னாதான் நாற்பது தடவை படிக்கிறாரு!"