பதினைந்தா, பத்தொன்பதா?

“பதினஞ்சு மாடல்தான். இதுல பேச்சுக்கே இடமில்ல,” என்றான் கணவன், சிவப்புக் காரின் கூரையைத் தட்டியபடி.

“அத நீங்க சொல்றீங்க. பத்தொன்பதுன்னு நான் சொல்றேன்,” என்றாள் மனைவி. அவள் சாய்ந்து நின்றது வெள்ளைக் காரில்.

ஒரே கம்பெனி, ஒரே ரக ஸ்போர்ட்ஸ் கார். இரண்டுக்கும் நாலு வருட வயது வித்தியாசம்தான்.

மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையின் பின்பக்கத்து சிமெண்ட் மைதானம் அது. ஆரஞ்சுக் கூம்புகளை வளைத்து வளைத்து அடுக்கி, நடுவே ஒவ்வொரு காராக விட்டு, யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று நேரம் பார்க்கும் ஆட்டோகிராஸ் பந்தயம் மாதாமாதம் அங்கேதான் நடக்கும். இன்று பந்தயம் இல்லை. பயிற்சிக்காக நிறுத்திய சில கூம்புகளும், இரண்டு கார்களும், மூன்று பேரும்தான்.

மூன்றாமவர் தொப்பி வைத்த ஒரு பெரியவர். காலையிலிருந்து இவர்கள் சண்டையைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ரெண்டுமே நல்ல வண்டி. எனக்கு எதுன்னாலும் சம்மதம்,” என்றார். “ஆனா இன்னைக்கே ஒண்ண முடிச்சிடணும்.”

“முடிச்சிடலாம் சார். புது வீட்டுல ஒரு வண்டி நிக்கத்தான் இடம். கல்யாணத்துக்கப்புறம் வர்ற முதல் பந்தயம். ரெண்டு பேரும் அந்த ஒரே வண்டியத்தான் மாத்தி மாத்தி ஓட்டணும். அதான் யோசிக்கிறோம்,” என்றான் கணவன்.

“யோசிக்கிற மாதிரி தெரியலையே தம்பி. குடுமிப்பிடி மாதிரில்ல இருக்கு!”

கணவன் சிரிக்கவில்லை. “நீங்களே சொல்லுங்க சார். பழசுக்கு எடை கம்மி. வளைவுல டயர் எங்க பிடிக்குது, எங்க வழுக்குதுன்னு ஸ்டீயரிங் கைக்குச் சொல்லிடும். புதுசு இருக்கே, லேசா வழுக்கினா போதும். உள்ள இருக்கிற கம்ப்யூட்டர் மாமியார் மாதிரி குறுக்க வந்து வேகத்தக் கொறச்சிடும்.”

“இதுல எங்கம்மாவ எதுக்கு இழுக்கிறீங்க?” என்று மனைவி சீறினாள். “பழசுல இஞ்சினுக்கு மூச்சே இல்ல சார். வளைவத் தாண்டினதும் முட்டி வலிக்காரர் மாடிப்படி ஏறுற மாதிரி ஏறும். புதுசுக்கு ஒரு மிதி போதும், பிச்சுக்கிட்டுப் போகும்.”

“வாயாலயே பந்தயம் ஓட்டினா எப்படி?” என்றார் பெரியவர். “ஓட்டிக் காட்டுங்க, பாப்போம்.”

“புதுசோட லட்சணத்த நானே காட்டுறேன்,” என்று கணவன் வெள்ளைக் காரில் ஏறினான்.

முதல் வளைவில் தடுமாறினான். இரண்டாவதில் தேவையில்லாமல் பிரேக் பிடித்தான். கடைசி வளைவில் இரண்டு கூம்புகள் பறந்தன. இறங்கி வந்தவன் பம்பரில் விழுந்த கீறலைச் சட்டை நுனியால் துடைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

“பாத்தியா? சொன்ன பேச்சு கேக்கல.”

“வேணும்னே தட்டினீங்க. நீங்க கூம்பத் தட்டி நான் பாத்ததே இல்ல.”

“வண்டி அப்படி. நான் என்ன பண்ண?”

“அப்படியா சங்கதி? இப்ப பழசோட லட்சணத்தையும் பாருங்க.”

அவள் சிவப்புக் காரை எடுத்தாள். காய்கறி வாங்கப் போகிறவளைப் போல நிதானமாகக் கூம்புகளைச் சுற்றினாள். பாதி வழியில் இஞ்சின் குலுங்கி நின்றுபோனது. இறங்காமல் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு தலையை வெளியே நீட்டி, “பாத்தீங்களா, நின்னு போச்சு!” என்று கத்தினாள்.

“கியர் மாத்தாம இருந்தா எந்த வண்டியும்தான் நிக்கும். உனக்கா அது தெரியாது?”

“பழைய வண்டின்னா அப்படித்தான்.”

இருவரும் எதிரெதிரே நின்றார்கள். அவள் குரல் இறங்கியது.

“ஏங்க, நான் சொல்றத ஒரு தடவயாவது கேக்கக் கூடாதா?”

“வேற எதுலன்னாலும் கேக்கிறேன். இதுல மாட்டேன்.”

“அப்படி என்ன பிடிவாதம்?”

“உனக்கு இருக்கிற அதே பிடிவாதம்தான்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்கள் லேசாகக் கலங்கியிருந்தன. அவன் போய் விழுந்த கூம்புகளை எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

பெரியவருக்குச் சிரிப்பு வந்தது. “கல்யாணமான புதுசுல நானும் என் வீட்டுக்காரியும் இப்படித்தான், தொட்டதுக்கெல்லாம் மல்லுக்கட்டுவோம். யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுங்களேன்.”

“விட மாட்டேன்!” இருவர் குரலும் ஒன்றாகவே வந்தது.

“நல்ல ஜோடி போங்க.” பெரியவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். “வெயில் ஏறுது. நானும் பஸ் பிடிச்சு வந்த களைப்புல இருக்கேன். கடைசியா கேக்கிறேன், எந்த வண்டிய எனக்கு விக்கிறீங்க?”

இரண்டு கைகள் ஒரே நேரத்தில் அவர் முன் நீண்டன. அவன் கையில் இருந்தது, கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் உயிராக வைத்திருந்த வெள்ளைக் காரின் சாவி; அவள் கையில், இதே மைதானத்தில் அவனைத் தோற்கடித்த நாளிலிருந்து யாரையும் தொடவிடாமல் அவள் வைத்திருந்த சிவப்புக் காரின் சாவி.