பின்னால் ஸ்பீக்கர் இல்லை

"போனை அணைச்சுட்டீங்களாம்மா? கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டாச்சா?"

கேட்டவர் ஒரு பெரிய ஆடியோ கம்பெனியின் தலைமைப் பொறியாளர். தொழிலில் எல்லோரும் அவரைப் பாம்புக்காது என்றுதான் சொல்வார்கள். அது அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு. பக்கத்தில் அதே கம்பெனியின் பொது மேலாளர், மடியில் உரிம ஒப்பந்தத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"போட்டாச்சு சார்," என்றாள் அவள்.

அவள் வீட்டு முன்னறையில், எதிரே இரண்டு ஸ்பீக்கர்கள். நடுவில் மேசை மேல் ஒரு கருப்புப் பெட்டி, அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முன்னால் இருக்கும் இரண்டே ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு, நாலாபக்கமும் சத்தம் வருகிற மாதிரி காதை நம்பவைக்கும் நுட்பம் ஒன்றை அவளுடைய கணவர் ஆறு வருடம் உட்கார்ந்து உருவாக்கியிருந்தார். அதைத் தங்கள் ஹோம் தியேட்டர்களில் பயன்படுத்த உரிமம் வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டு முடிவு செய்யத்தான் இருவரும் வந்திருந்தார்கள். போட்டுக் காட்டுவது நான்தான் என்று அவள் சொல்லியிருந்தாள்.

வாங்காவிட்டால் திங்கட்கிழமை கணவர் பழைய வேலைக்கே திரும்ப வேண்டியதுதான். வேலையை விட்ட அன்று அங்கே மேலதிகாரியை அவர் என்னென்ன சொல்லிவிட்டு வந்தார் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

இன்னொரு காபி தரட்டுமா என்று கேட்டாள். ஏற்கனவே இரண்டு ஆகியிருந்தது. வந்த வழியில் நெரிசல் எப்படி என்று விசாரித்தாள். பிறகு மனிதக் காது எப்படி வேலை செய்கிறது என்று ஆதியோடந்தமாக விளக்க ஆரம்பித்தாள், முப்பது வருடமாகக் காதை வைத்தே பிழைக்கிற மனிதரிடம்.

பொது மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்கு இதே விஷயமாக வேறொரு கம்பெனிக்குப் போக வேண்டுமாம். "பேச்சு போதும். போடுங்க."

பாம்புக்காது விதிமுறைகளைச் சொன்னார். தலை நேரே பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் என்ன சத்தம் வந்தாலும் திரும்பக் கூடாது, எழுந்திருக்கவும் கூடாது. ஒரு விரற்கடை திரும்பினாலும் சோதனை பாழ். இத்தனை வருடத்தில் அவர் திரும்பியதே இல்லை. ஒருமுறை பின்வரிசையில் மின்விசிறி கழன்று விழுந்தபோதுகூட நேரேதான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அவள் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டு, ஸ்பீக்கர்களோடு இணைத்த மடிக்கணினியில் மழைப் பதிவை ஓடவிட்டாள்.

மழை பெய்தது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில், ஒழுங்காக, சாதாரணமாகப் பெய்தது. ஒரு நிமிடம் போயிற்று. பாம்புக்காதின் உதடு கோணியது. எங்கள் கம்பெனியின் மலிவு ரேடியோவிலேயே இந்த மழை பெய்யும் என்று முணுமுணுத்தார். பொது மேலாளர் பேனாவுக்கு மூடி போட்டார்.

அப்போது பின்னால் யாரோ கதவைத் தட்டினார்கள்.

மூடி போட்ட கை அப்படியே நின்றது. மறுபடியும் தட்டல், இந்தத் தடவை படபடவென்று. அவள் பதறி எழுந்தாள்.

"உட்காருங்கம்மா," என்று பாம்புக்காது கண்ணை மூடியபடியே அதட்டினார். "இப்பத்தான் விஷயமே ஆரம்பிக்குது."

"இல்ல சார், நான் வந்து..."

"உஸ்."

உட்கார்ந்தாள். தட்டல் நின்றது. சரளைக்கல்லில் காலடிச் சத்தம் பின்னாலிருந்து இடப்பக்கமாக நகர்ந்தது. ஜன்னல் கண்ணாடியை யாரோ டொக் டொக்கென்று தட்டினார்கள். பிறகு ஒரு தும்மல்.

பாம்புக்காதுக்குக் கையில் ரோமம் சிலிர்த்துக்கொண்டது. "நடந்து போறான் சார்," என்று மேலாளரிடம் கிசுகிசுத்தார். "பின்னாலருந்து இடப்பக்கம், அப்படியே நடந்து போறான்." தும்மலில் எரிச்சல்கூடத் தெரிகிறது, எந்த நடிகரோ உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார் என்றார் மேலாளர்.

மழை ஓய்ந்ததும் பாம்புக்காது அவளை முறைத்தார்.

"பின்னால ஸ்பீக்கர் எதையாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

"பின்னால ஸ்பீக்கரே இல்ல சார். சத்தியமா." அன்று முழுக்கப் பேசியதில் அவள் குரல் நடுங்காமல் வந்தது இந்த ஒன்றுக்குத்தான்.

அவர் விடவில்லை. பின்சுவரைத் தடவிப் பார்த்தார், திரைச்சீலையை உதறிப் பார்த்தார், நாற்காலிக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. நாலு மணிச் சந்திப்பை ரத்து செய்துவிடலாம் என்றார்.

இன்னொரு தடவை கேட்டுவிட்டு முடிவு பண்ணலாமே என்று அவள் கெஞ்சாத குறையாகச் சொன்னாள்.

"என் காதுக்கு ஒரு தடவை போதும்மா."

ஐந்து வருட உரிமம். மேலாளர் கையெழுத்துப் போட்டார், அவளும் போட்டாள். அடியில் பாம்புக்காது தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: இன்று கேட்ட மழைப் பதிவை, தும்மல் உட்பட, ஒவ்வொரு ஹோம் தியேட்டரோடும் இலவசமாகத் தர வேண்டும்.

தாழ்ப்பாளைத் திறந்தார்கள். வாசற்படியில் ஒரு மனிதர் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குப் பார்சல் வந்திருக்கு போலம்மா," என்று பொது மேலாளர் கரிசனமாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் தெருமுனை திரும்பும்வரை அவள் கையசைத்தாள். பிறகுதான், அவர்கள் நேரில் பார்த்தேயிராத தன் கணவர் பக்கம் திரும்பினாள்.

"கெட்டுப்போன சிப்பை மாத்தி, உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வரேன்," என்றார் அவர். "போன் போட்டா எடுக்கல, கதவைத் தட்டினா திறக்கல, ஜன்னலைத் தட்டினாலும் திரும்பிப் பார்க்கல. நான் செஞ்ச பெட்டி இதோ என் கையில இருக்கு. மேசை மேல இருக்கறது வெறும் கூடும் ஒரு பச்சை லைட்டும்தான். நீ அவங்களுக்கு எதைத்தான் போட்டுக் காட்டினே?"

"உங்களைத்தாங்க," என்றாள் அவள்.