பூஜ்யமா, மூன்றா

"மூணு போடும்மா! நான் கண்ணையே மூடறதில்ல!" என்று கத்தினார் முட்டைக்கோஸ்காரர்.

"பூஜ்யம் போடு கண்ணு. இவரு குறட்டையில கூரை பறக்காததுதான் பாக்கி!" அடுப்படியிலிருந்து அவர் மனைவி அதைவிட உரக்கக் கத்தினாள்.

வேலிக்கு இந்தப் பக்கம் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே காய்ந்த துணிதான்.

நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் பல்கலைக்கழகத்துப் பெண். கொள்ளைநோய்க் காலம் விவசாயிகளின் மனதை எவ்வளவு பாதித்தது என்று அளக்க வந்தவள். தூக்கம், பசி, பயம், எரிச்சல் என்று பத்துக் கேள்வி; ஒவ்வொன்றுக்கும் பாதிப்புக்குத் தக்கபடி பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண்.

மதிப்பெண் என்றதும் மனிதருக்குப் பரீட்சை ஞாபகம் வந்துவிட்டது. வெங்காயக்காரர் பதினெட்டு வாங்கியதாகக் கேள்வி. சந்தை மூடிக் கிடந்தபோது நாலு ஏக்கர் கோஸை உழுது மண்ணுக்குள் புதைத்தவர், போயும் போயும் வெங்காயத்திடம் தோற்பதா?

மனைவி கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டாள். "பத்தரைக்கு ஆரம்பிப்பாரு. ஒரு மணிக்கு இடது பக்கம் புரளுவாரு, அப்ப விசில். மூணு மணிக்குக் கொஞ்ச நேரம் நிக்கும்..."

"இவ்வளவும் உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள் அந்தப் பெண்.

ஆடிக்கொண்டிருந்த கரண்டி நின்றது.

"அந்தக் காய்ச்சல்ல கிடந்தாரில்ல, அப்ப மூச்சு வருதான்னு பாத்துப் பாத்துப் பழகிடுச்சு. இன்னமும் குறட்டை நின்னா மூக்குகிட்ட கை வெச்சுப் பாக்கறேன்."

முட்டைக்கோஸ்காரர் நீட்டியிருந்த மூன்று விரல்களையும் மடக்கிக்கொண்டார்.

பெண் பையிலிருந்து புதுப் படிவம் எடுத்தாள். நட்டதும் களையெடுத்ததும் அறுத்ததும் யார் என்று விசாரித்து, 'விவசாயி' என்ற கட்டத்தில் மனைவிக்கும் ஒரு டிக் போட்டாள். அவளுக்கு மொத்தம் இருபத்துமூன்று. தெருவிலேயே முதலிடம்.

அன்று சாயங்காலமே அவர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு உரக் கொட்டகைக்குக் குடிபோனார், அவளாவது தூங்கட்டும் என்று. இருவரும் பிரிந்துவிட்டதாகத் தெருவில் பேச்சு கிளம்பியது. கிளப்பியது யார் என்பதெல்லாம் இப்போது எதற்கு?

நான்காம் நாள் அவளும் தலையணையோடு அங்கேயே போய்விட்டாள். சத்தம் கேட்காமல் பயமாக இருக்கிறதாம்.

கொட்டகைக்கும் என் படுக்கையறைக்கும் நடுவே ஒரே சுவர். மூன்று மணிக்குக் குறட்டை நின்றால் நானும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். திரும்ப ஆரம்பிக்கும்வரை படுக்க முடிவதில்லை.

அந்தப் பெண் மறுபடி வந்தால் விவசாயி என்று சொல்லிக்கொள்ள, தொட்டியில் நாலு மிளகாய் விதை போட்டுவைத்திருக்கிறேன்.