வாய் திறக்காத சமையல்

“கீர்த்திகன், வாயைத் திறந்தால் பூச்சியம். இண்டைக்காவது அடக்கி வாசி!”

அடுப்பு மூட்டுவதற்கு முன்பே தனுஷா எச்சரித்தாள்.

நகர மையத்துப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பாடத்துக்கான செய்முறைத் தேர்வு. அந்தக்கால இங்கிலாந்து மடாலயத் துறவிகளைப் போல, பேச்சே இல்லாமல், கைச்சைகையால் மட்டும் மூன்று மூன்று பேராகச் சமைக்க வேண்டும். பேசியவருக்குப் பூச்சியம். அந்த நிமிடமே வெளியே.

“கும்பிட்டால் சீஸ், மூண்டு விரலை உதறினால் உப்பு. சரிதானே, சாமியார்?” கீர்த்திகன் கண்ணடித்தான்.

“உனக்குப் பகிடி. இந்தப் பாடம் போனால் என்ர ஸ்கொலர்ஷிப்பும் போச்சு. பேந்து எனக்குப் படிப்பே இல்லை.”

மணி அடித்தது. அதன்பிறகு புகையிழுக்கும் விசிறியின் இரைச்சல் மட்டும்தான்.

குழுவின் மூன்றாவது ஆளான ரஞ்சனா லீக்ஸ் தண்டு வெட்டினாள். தனுஷா பட்டாணிக் கஞ்சியைக் கிளறினாள். மூன்று விரலை உதறினாள். கீர்த்திகன் உப்பை நீட்டினான்.

திடீரென்று கஞ்சி பொங்கியது. அடுப்பைக் குறைத்தும் அடங்கவில்லை. நுரை விளிம்புக்கு வந்துவிட்டது. தனுஷா பானையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த மேசையில் நின்ற பேராசிரியை சட்டென்று திரும்பினார்.

“இங்கே யாரோ பேசினீர்கள். யார்?”

தனுஷா கீர்த்திகனை முறைத்தாள்.

கீர்த்திகன் கையை உயர்த்தினான். ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனான்.

மூன்று பேர் வேலையை இரண்டு பேர் ஓடி ஓடி முடித்தார்கள். எப்படியோ தேறியும் விட்டார்கள்.

வாசலில் காத்து நின்றான் கீர்த்திகன். “என்ன, பாஸோ?”

“கதைக்காதை! ஒரு மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டு நிக்க ஏலாதா உனக்கு? உன்னாலை நாங்களும் கவிழப் பாத்தம். அந்தத் துறவியள் ஆயுள் முழுக்கக் கதைக்காமல் இருந்தவங்கள், தெரியுமோ?”

“ஓம், பிழைதான். அடுத்த வருசம் திருப்பி எடுக்கிறன். வாறன்.”

சிரித்துக்கொண்டே மெட்ரோ பக்கம் நடந்தான்.

“பாத்தியா ரஞ்சனா? கொஞ்சமாவது வெக்கம் இருக்கா? ஒரு ‘சொறி’ கூடச் சொல்லேல்லை!”

ரஞ்சனாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

“அவன் வாயே திறக்கலடி. கஞ்சி பொங்குறப்போ ‘முருகா, முருகா’ன்னு முணுமுணுத்தது நீ.”