பதினேழாவது வரிசை

பதினேழாவது வரிசையில் அந்தப் பெயர் இருந்தது.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

முப்பத்தொரு கம்பெனிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. 2004 ஜனவரியிலிருந்து இருபது வருடத்துப் பங்கு விலை, மாதத்துக்கு ஒரு கட்டம். மற்ற வரிசைகள் எல்லாம் கடைசிக் கட்டம் வரை நிரம்பியிருந்தன. பதினேழாவது மட்டும் 2009 ஜூனோடு நின்றுவிட்டது.

அது ஒரு நூல் மில்.

அப்பா அங்கே ஃபிட்டராக இருந்தார்.

"எல்லாரும் ஷீட்டைத் திறந்தாச்சா?" சபேசன் சார் கணினிகளுக்கு நடுவே நடந்து வந்தார். எம்.எஸ்ஸி. கணிதத்தில் நிதிச் சந்தைப் பாடம் அவருடையது. இன்று அதற்கு ஆய்வகத் தேர்வு. "பாதிக்கு மேல காலியா கிடக்கற வரிசை ஒண்ணு இருக்கும். அதை மொதல்ல தூக்கிருங்க. செத்த கம்பெனிக்கு இங்க வேலை இல்லை."

"சார், அப்படியே என்னையும் தூக்கிராதீங்க." இமானுவேல் இந்த மாதத்தில் இன்றுதான் வகுப்புக்கு வந்திருந்தான்.

"உன்னையப் போன மாசமே தூக்கியாச்சுடா."

ஆய்வகமே சிரித்தது.

கேள்வி ஒன்றுதான். இந்தக் கம்பெனிகளில் இருபது வருடம் பணம் போட்டு வைத்தவருக்கு, ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை சதவீதம் கிடைத்திருக்கும்? திருத்துவது கணினி. சரி என்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. மூன்று வாய்ப்பு. பச்சை வாங்கியவர்களின் பெயர்கள் மட்டும் ஒரு மும்பை நிறுவனத்தின் வேலை நேர்காணலுக்குப் போகும்.

அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாள். பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. "உனக்கு வேலை கெடைக்கற வரைக்கும் இந்தக் கண்ணு தாங்குனாப் போதும் சாமி" என்று போன வாரம் சொன்னாள்.

அவள் பதினேழாவது வரிசையை முதலிலிருந்து படித்தாள்.

மில்லுக்கு மாதாமாதம் ஒரு விலை இருந்தது என்பதே அவளுக்கு இன்றுதான் தெரியும். 2008 அக்டோபரில் அது பாதியாகியிருந்தது. அந்த மாதம்தான் அப்பா போனஸ் வாங்கி அவளுக்கு ஒரு சின்ன சைக்கிள் எடுத்துத் தந்தார். மில் விழுவது எங்கோ யாருக்கோ தெரிந்திருக்கிறது. உள்ளே நின்று மெஷினுக்கு எண்ணெய் விட்டவருக்குத் தெரியவில்லை.

2009 ஜூன். ஒரு ரூபாய் எண்பது காசு.

பிறகு காலிக் கட்டங்கள்.

சாருக்குத்தான் அவை காலி.

ஜூலை. கேட்டில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துவிட்டு, மதியச் சோறு இருந்த தூக்குப் போசியைத் திறக்காமலே அப்பா வீட்டுக்குத் திரும்பினார்.

நவம்பர். ஸ்கூல் வேனை நிறுத்தினார்கள். இரண்டாம் வகுப்புக்கு அவள் நடந்து போனாள்.

2010 ஏப்ரல். மில்லைத் திறக்கப்போகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அப்பா காக்கிச் சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்தார்.

2011 ஆகஸ்ட்.

அப்பாவின் கடைசி மாதம் அது. அந்தக் கட்டத்தை அவள் தாண்டிப் போனாள்.

வரிசையின் கடைசிக்குப் போய் பூஜ்யம் என்று அடித்தாள். ஆண்டுக்கு மைனஸ் நூறு சதவீதம் என்று வந்தது. முப்பத்தொன்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தாள்.

8.8.

சிவப்பு.

கணக்கை முதலிலிருந்து சரிபார்த்தாள். எங்கும் பிசகில்லை. அதையே இன்னொரு முறை கொடுத்தாள்.

சிவப்பு.

பக்கத்து இருக்கையிலிருந்து சுகிர்தா எட்டிப் பார்த்தாள். "லூசாடி நீ? இன்னும் அந்த வரிசையத் தூக்கலையா?"

அவள் சுகிர்தாவிடமிருந்து திரும்பிக் கை தூக்கினாள். இந்த வகுப்பில் அவள் கை தூக்குவது அதுதான் முதல் முறை. சார் வருவதற்குள் இறக்கிவிடலாமா என்றுகூட இருந்தது.

"சார்... அந்த வரிசைய வெச்சுட்டே கணக்குப் போட்டா தப்புங்களா?"

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தையும் பார்த்தார்.

"தப்பில்லைம்மா. விடை வராது. அவ்வளவுதான்."

ஒரு வாய்ப்பு பாக்கி. ஆறு நிமிடம்.

பதினேழின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள்.

அழித்தாள்.

நிச்சயமாகவா என்றுகூடக் கணினி கேட்கவில்லை. கீழே இருந்த வரிசைகள் ஆளுக்கொரு படி மேலே ஏறிக்கொண்டன. பதினேழில் இப்போது ஒரு சிமெண்ட் கம்பெனி. நடுவில் ஏதோ இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

12.4.

பச்சை.

நேரம் முடிந்ததும் சார் அந்த எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

"பாத்தீங்களா? இருபது வருஷம் பொறுமையா இருந்தா, சந்தை யாரையும் கைவிடாது. எழுதிக்குங்க."

எல்லோரும் எழுதினார்கள்.

அவளும் எழுதினாள்.