ஒரு வெள்ளிக்கு ஒரு நிமிஷம்

“ஹலோ! சிங்கப்பூர் பேசுது!” என்றது பெட்டி.

பினாங்கு மார்க்கெட் ஸ்ட்ரீட் மாடியில் கூடியிருந்த கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கம்பியும் இல்லை, கம்பமும் இல்லை. மேசைமேல் ஒரு மரப்பெட்டி, அதன் வாயில் ஒரு பித்தளைக் குழல், அவ்வளவுதான்.

“பாத்தீங்களா? லண்டன்ல இந்தப் பெட்டி வீட்டுக்கு வீடு வந்துருச்சு. அடுத்த வருஷம் பினாங்குக்கும் வந்துரும். அப்ப இந்தக் கம்பெனிப் பங்கு என்ன விலை போகும்னு நீங்களே நெனச்சுப் பாருங்க லா!” என்றார் இஞ்ஞாசிமுத்து. “இன்னிக்கு ஒரு பங்கு ஒரே வெள்ளிக் காசு. வாங்குறவங்க சிங்கப்பூர்க்காரரோட ஒரு நிமிஷம் பேசலாம்.”

காசு மாற்றும் கடை ஷேக் அலாவுதீன் முதல் ஆளாகப் பாய்ந்து, சிங்கப்பூரில் இன்றைக்கு மிளகு என்ன விலை என்று குழலுக்குள் கத்தினார். “ஏறிக்கிட்டே இருக்கு!” என்றது பெட்டி. அவர் இன்னும் ஐந்து பங்கு வாங்கினார்.

பேசியது சிங்கப்பூர் அல்ல, பக்கத்து அறை. சுவருக்குள் ஒளித்து வைத்த ரப்பர்க் குழாயின் மறுமுனையில், ஹென்றி என்று பேர் சொல்லிக்கொண்டு வேலை கேட்டு வந்த ஒருவன் உட்கார்ந்திருந்தான். பின்படிக்கட்டு வழியாக வருவான், கூட்டம் கலைந்ததும் அதே வழியாகப் போய்விடுவான்.

இஞ்ஞாசியும் பிறவியிலேயே மோசக்காரர் அல்ல. இல்லாத தோட்டத்தின் ரப்பர்ப் பங்கை வாங்கி, இருந்ததையெல்லாம் பறிகொடுத்தவர். அன்றைக்கு எனக்காக யாரும் கண்ணீர் விடவில்லை, நான் மட்டும் யாருக்காக விட வேண்டும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டிருந்தார்.

அந்தக் கல்லை அசைத்தவள் மார்த்தா. சவேரியார் கோயில் வாசலில் இடியாப்பம் விற்கிறவள், தனியாக வசிக்கிறவள். முதல் நாள் கூட்டத்தில் வியாபாரம் பார்க்கத்தான் மாடியேறி வந்தாள். பெட்டி பேசியதைக் கேட்டதும் கூடையை இறக்கிவைத்தவள், ஒரு இடியாப்பம்கூட விற்காமல் அன்றைக்கு வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் ஒரு வெள்ளியோடு வந்துவிடுவாள்.

“சாப்பிட்டியா?” என்று குழலுக்குள் கேட்பாள்.

கூட்டம் சிரிக்கும். “ஏங்கக்கா, சிங்கப்பூர்ல பெரிய உத்தியோகத்துல இருக்கறவரு. கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க லா,” என்று யாராவது கேலி செய்வார்கள். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

“இருமல் நின்னுச்சா? ராத்திரியில பச்சத் தண்ணியில குளிக்காத,” என்பாள்.

“சரிங்க,” என்று சொல்லும் பெட்டி.

நிமிஷம் முடிந்ததும், பங்குப் பத்திரத்தைப் பார்க்கக்கூடச் செய்யாமல் கூடைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிப் போவாள். இப்படியும் ஒரு பைத்தியக்காரியா என்று இஞ்ஞாசி ஆரம்பத்தில் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

மழைக்காலம் வந்தது. இடியாப்ப வியாபாரம் படுத்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை மார்த்தாவிடம் வெள்ளி இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, காதிலிருந்த கம்மலைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“இது போதுமா தம்பி?”

இஞ்ஞாசி கை நீட்டி வாங்கிக்கொண்டார். ஆனால் அன்று முழுக்க எதைப் பார்த்தாலும் அந்த வெறுங்காதுதான் கண்முன் வந்து நின்றது. இவர் வயிற்றில் அடித்தவன்கூட இவர் காதைத் தொட்டதில்லையே! போதும், இத்தோடு கடையைக் கட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹென்றியைக் கூப்பிட்டு, கப்பல் கூலியும் கைச்செலவுக்குப் பணமும் கொடுத்தார்.

“இங்க இருந்தா போலீஸ்காரன் வந்துருவான். எங்கயாச்சும் போயிப் பொழச்சுக்க. எந்த ஊருன்னு எங்கிட்டகூடச் சொல்லாத. தெரிஞ்சா, கேக்கறவனுக்குச் சொல்லித் தொலைச்சுருவேன்.”

ஹென்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தலையாட்டிவிட்டுப் போனான். மாலையில் அவன் ஏறிய சம்பான் படகு, நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களுக்கு நடுவே போய் மறையும்வரை இஞ்ஞாசி துறைமுகத்தில் நின்று பார்த்தார்.

மறுநாள் வந்தவர்களையெல்லாம் இன்று கூட்டம் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார். மார்த்தாவை மட்டும் மேலே அழைத்துப் போய் உட்காரவைத்தார். அவளுடைய கம்மலையும், இதுவரை அவள் கொடுத்த வெள்ளிகளையும் அவள் முன்னால் எடுத்து வைத்தார். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு ஒரு நல்ல காரியம் செய்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது.

“அக்கா, என்னை மன்னிச்சுருங்க. சிங்கப்பூரும் இல்ல, கம்பெனியும் இல்ல. எல்லாம் பொய். பேசுனது பக்கத்து ரூம்ல ஒரு ஆளு.”

அவள் திடுக்கிடுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார். மார்த்தா கம்மலைத் தொடக்கூட இல்லை.

“தெரியும் தம்பி.”

“தெரியுமா?”

“மொத நாளே தெரியும்.”

“தெரிஞ்சுமா வாராவாரம் காசக் கொட்டுனீங்க? அந்தக் கதவத் தொறந்து காட்டி, ஊருக்கு முன்னால எம் மானத்த வாங்கியிருக்கலாமே!”

“கதவத் தொறந்தா ஓடிருவான் தம்பி. எம் மூஞ்சியில முழிக்க வெக்கப்பட்டுக்கிட்டு மறுபடியும் ஓடிருவான்.”

இஞ்ஞாசிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மார்த்தா கம்மலையும் வெள்ளிகளையும் அவர் பக்கமே தள்ளிவிட்டாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போலக் குழலுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“எல்லாத்தையும் நீங்களே வச்சுக்குங்க. எம் மவன மட்டும் பேசச் சொல்லுங்க.”